அம்மன் பேரில் வார்த்த கஞ்சி

பசிக்கிறது என்று கேட்பவர்களில் எனக்கு ஒருநாளும் கோபம் வந்ததில்லை. குடல் ஒட்டிக் கிடக்கும்போது "இப்பதான் சாப்பிட்டு எழும்பினனாங்கள்" என்று சொல்பவர்களில்தான் வரும். அந்த வருடம் முழுவதும் நான் கோபமாகவே திரிந்தேன்.

ஐம்பதுகளின் கடைசிப் பகுதி அது. இரண்டு காலபோக நெல் விளைச்சல் அடுத்தடுத்துப் பொய்த்துப் போனது. முள்ளியவளையில் எங்களுக்குக் கிணறு இருந்தது, வளவில் மரவள்ளி நின்றது, ஏதோ சமாளித்தோம். காட்டை வெட்டிப் புதிதாகக் குடியேறிய சனத்துக்கு அப்படி ஒன்றும் இல்லை. யாழ்ப்பாணப் பக்கத்தில் இருந்த துண்டுக் காணியையும் அண்ணன் தம்பிக்குள் பிரித்துப் பிரித்து, கடைசியில் நிற்கவும் இடமில்லாமல், இங்கே வயல் கொடுக்கிறார்கள் என்று பெட்டி படுக்கையோடு வந்து இறங்கியவர்கள். குளத்தை நம்பி வந்தவர்கள். குளம் வற்றியதும் அதே குளத்துக்குள் இறங்கிக் கொட்டிக்கிழங்கு கிண்டினார்கள். சேறு காய்ந்து கல்லானதும் அதுவும் முடிந்தது. கூட்டுறவுச் சங்கக் கடையில் கூப்பன் அரிசி இருந்தது. வாங்கத்தான் கையில் சதம் இல்லை.

நான் அப்போது தையல் ரீச்சர். கல்யாணம் ஆகவில்லை, நாக்கும் கொஞ்சம் நீளம். இரண்டுக்கும் தொடர்பு உண்டு என்று ஊரில் சொல்வார்கள். எங்கள் மாதர் சங்கம் அதுவரை செய்த பெரிய காரியம் தலையணை உறைகளில் பூ வேலை செய்து கண்காட்சி வைத்ததுதான். குடியேற்றத்தில் சனம் பட்டினி என்று தெரிந்ததும் தலைவி எங்களைக் கூப்பிட்டுப் பிடியரிசி சேர்ப்போம் என்றார். அவர் ஓய்வு பெற்ற தலைமை ஆசிரியரின் மனைவி. நான் மாமி என்று கூப்பிடுவேன். வெற்றிலை போட்ட வாயோடு மெதுவாகக் கதைப்பார், ஆனால் சொன்னது நடக்கும்.

பிடியரிசி எங்கள் பக்கத்தில் பழைய வழக்கம். உலையில் அரிசி போடும்போது ஒரு பிடியை எடுத்துப் புறம்பாக ஒரு பானையில் போட்டு வைப்பார்கள். அது வீட்டுக்கு உரியதல்ல, தருமத்துக்கு உரியது. கிழமைக்கு ஒருக்கால் நாங்கள் பையோடு படலை படலையாகப் போய் வாங்கி வந்தோம். யாரும் இல்லை என்று சொல்லவில்லை. பிடி மட்டும் வரவரச் சிறுத்துக்கொண்டு போனது.

பாதி அரிசி அப்படி வந்தது. மீதி, முல்லைத்தீவில் பலசரக்குக் கடை வைத்திருந்த ஒரு முஸ்லிம் வியாபாரியிடம் இருந்து வந்தது. எல்லோரும் அவரை நானா என்றுதான் கூப்பிடுவோம். அரிசியும் தந்து, ஏற்றிப் போக மாட்டு வண்டிலும் தந்து, கந்தூரி விருந்துக்குச் சமைக்கிற தன் பெரிய செம்புக் கிடாரத்தையும் தந்தார். வண்டிலை வேறு ஆளிடம் விட அவருக்கு மனமில்லை, தானே ஓட்டி வருவார். விடிந்தவுடன் நான், மாமி, அரிசி மூட்டை, கிடாரம் எல்லாம் அந்த வண்டிலில் காட்டுப் பாதையால் குலுங்கிக் குலுங்கிக் குடியேற்றத்துக்குப் போவோம்.

சங்கக் கடைக்குப் பக்கத்தில் கிடுகால் ஒரு கொட்டில் போட்டு அடுப்பு மூட்டினோம். கஞ்சி கொதித்தது. வாசம் எப்படியும் கடைசிக் காணி வரைக்கும் போயிருக்கும். வந்தவர்கள் றோட்டு வேலைக்கு வந்திருந்த கூலிக்காரர் சிலர்தான். காணிக்காரர் ஒருவரும் வரவில்லை. மத்தியானம் தாண்டியும் கிடாரத்தில் முக்கால்வாசி அப்படியே கிடந்தது. அடுத்த நாளும் அதே கதை. அந்தக் கிழமை வயிறார உண்டது நானாவின் மாடுகள்தான்.

எனக்குப் பொறுக்கவில்லை. வீடு வீடாகப் போனேன். "வாங்கோ ரீச்சர், இருங்கோ" என்று கதிரையைத் தூக்கி வைத்தார்கள். "கஞ்சிக்கு வாங்கோவன்" என்றால், "சாப்பாடு ஆச்சுது ரீச்சர், ஏழையளுக்குக் குடுங்கோ" என்றார்கள். ஒரு வீட்டில் குசினியில் இருந்து புகை வந்துகொண்டிருந்தது. தண்ணீர் கேட்கிற சாட்டில் உள்ளே போய் எட்டிப் பார்த்தேன். அடுப்பில் பானை கொதித்தது. பானைக்குள் தண்ணீரைத் தவிர வேறொன்றும் இல்லை. புகை எழும்பாவிட்டால் அயலவர்கள் கண்டுபிடித்து விடுவார்கள் என்பதற்காகக் காலையும் மாலையும் வெறும் தண்ணீரைக் காய்ச்சிக்கொண்டிருந்தாள் அந்த மனுசி. அவளுக்கு மூன்று பிள்ளைகள். எனக்கு அவளைக் கட்டிப் பிடித்து அழவும் வேண்டும்போல் இருந்தது, முதுகில் ஒன்று போடவும் வேண்டும்போல் இருந்தது.

வாய்க்கால் முடிகிற இடத்தில் கடைசிக் காணி. அங்கே ஒரு இளம் புருசனும் பெண்சாதியும். அவளுக்குப் பத்தொன்பது இருபது வயதிருக்கும். வயிற்றில் பிள்ளை, நாள் நெருங்கிக்கொண்டிருந்தது. கையும் காலும் ஈர்க்குப் போல இருக்க, வயிறு மட்டும் முன்னுக்கு நின்றது. வறுத்த புளியங்கொட்டையை உரலில் போட்டு இடித்துக்கொண்டிருந்தாள்.

"இதையோ தின்னுறாய்?" என்றேன்.

"ஊறப்போட்டு அவிச்சால் நல்லாயிருக்கும் அக்கா," என்றாள். மற்றவர்கள் எல்லோரும் ரீச்சர் என்பார்கள். அவள் மட்டும் அக்கா என்றாள்.

"அங்க கஞ்சி மாட்டுக்குப் போகுது. நீ இஞ்ச இருந்து புளியங்கொட்டை இடிக்கிறாய். நானாவின்ர கிடாரத்தில காய்ச்சினது எண்டு அருவருப்போ?"

"எந்தக் கிடாரமெண்டாலும் எனக்கென்ன அக்கா. கஞ்சி கஞ்சிதானே. அவர்தான்..."

அவர் பின்னால் வந்து நின்றிருந்தார். நெடிய மனிதன், விலா எலும்பை எண்ணலாம். கோபமாகக் கதைக்கவில்லை, மரியாதையாகத்தான் சொன்னார்.

"ரீச்சர், குறை நினையாதேங்கோ. நாங்கள் காணிக்கு வந்தனாங்கள். பிச்சைக்கு வரேல்லை. ஊரில இருந்து வெளிக்கிடேக்க எல்லாரும் சிரிச்சவை, காட்டுக்குள்ள போய்க் கையேந்தப் போறாய் எண்டு. அதை மட்டும் செய்யமாட்டன்."

"உங்கட வீம்பு வயித்தில கிடக்கிற பிள்ளைக்குத் தெரியுமோ?" என்று கேட்டேன். அவள் உலக்கையைத் தூக்கி மறுபடி இடிக்கத் தொடங்கினாள். திரும்பி வரும் வழி முழுவதும் அந்தப் பிள்ளையைத்தான் நினைத்தேன். மற்ற வீடுகளைப் பற்றிக் கவலைப்படவில்லை என்றில்லை. ஆனால் அன்றிலிருந்து கஞ்சிக் கொட்டில் என்றால் எனக்கு அந்த வயிறுதான்.

வண்டிலில் வைத்து மாமியிடம் சொன்னேன். அவர் நெடுநேரம் வெற்றிலையை மென்றுகொண்டிருந்தார். பிறகு, "கொட்டிலில ஊத்தினால் பிச்சை. அம்மன் கோயில் முத்தத்தில ஊத்தினால்?" என்றார்.

எனக்கு உடனே விளங்கியது. குடியேறிய முதல் வருடமே அந்தச் சனம் ஓலைக் கொட்டில் போட்டு ஒரு அம்மனை வைத்திருந்தார்கள். எங்கள் ஊர்களில் யாராவது நேர்த்தி வைத்துக் கோயிலில் கஞ்சி வார்த்தால், வாங்கிக் குடிப்பது கேவலமில்லை. கொடுப்பது அம்மன். ஊர்த் தலைவரான விதானையாரும் கஞ்சி குடிக்கப் பிலாவிலையைக் கோலிக்கொண்டு இருப்பார், அவர் வயலில் கூலிக்கு நிற்பவனும் இருப்பான். மாட்டேன் என்று சொன்னால்தான் குற்றம்.

"ஆர் மாமி நேர்த்தி வைச்சது?"

"மழைக்கு எண்டு நான் வைச்சதாச் சொல்லுவம்."

"வைச்சனீங்களோ?"

அவர் சிரித்தார். "இல்லை. அம்மன் பொறுப்பா."

நல்ல யோசனையாகத்தான் எனக்கும் பட்டது. இன்றைக்கும் அதைக் கெட்ட யோசனை என்று சொல்லமாட்டேன். கோயில் பூசாரியாரிடம் போய் மழைக்கு நேர்த்தி என்றோம். அவர் கண் கலங்கிவிட்டார். அவரும் குடியேறி வந்தவர்தான், அவர் வீட்டு அடுப்பும் பூனை உறங்கிய அடுப்புத்தான். ஆனால் கோயில் விசயத்தில் கறார். "நேர்த்தி எண்டால் நேர்த்தி மாதிரி நடக்கவேணும்," என்றார். குளித்துத்தான் சமைக்க வேண்டும். கோயில் கிடாரத்தில்தான் காய்ச்ச வேண்டும். இறைச்சி கண்ட பாத்திரம் உள்ளே வரக்கூடாது. தீட்டுப்பட்ட துடக்குக்காரர் வரவும் கூடாது, துடக்கு வீட்டுக்குக் கஞ்சி போகவும் கூடாது. எல்லாவற்றுக்கும் ஓம் ஓம் என்று தலையாட்டினோம்.

நானாவிடம் சொல்ல எனக்குத்தான் வெட்கமாக இருந்தது. அவர் தன் கிடாரத்தை வண்டிலுக்குக் கீழே கவிழ்த்து வைத்தார். "பறவாயில்லை தங்கச்சி. அரிசிக்கு மதம் பார்க்கிறேல்லைத்தானே, அது போதும்," என்றார். அதன்பிறகு அரிசியைக் கோயில் வெளிவீதியில் இறக்கிவிட்டுப் பாலை மரத்தடியில் மாடுகளோடு இருப்பார்.

நேர்த்திக் கஞ்சி என்று பறை அடித்துச் சொன்னதும் குடியேற்றம் முழுவதும் வந்தது. தண்ணீர் காய்ச்சிய மனுசி மூன்று பிள்ளைகளையும் குளிப்பாட்டித் திருநீறு பூசிக் கூட்டி வந்தாள். நடக்க ஏலாதவர்களுக்குச் சட்டியில் வாங்கிப் போனார்கள். ஒரு கிழமை போகவில்லை, "ரீச்சர், தேங்காய்ப்பால் காணாது, உப்பும் கொஞ்சம் மட்டு" என்று ஒருவர் குறை சொன்னார். எனக்குச் சுர்ரென்று ஏறியது. நானா வெளியே இருந்து கேட்டுவிட்டுச் சிரித்தார். "சனம் குறை சொல்லத் தொடங்கினால் பிழைச்சிடும் தங்கச்சி. பயப்படாதை."

கடைசிக் காணிக்காரரும் வந்தார். மேலில் சால்வையைப் போட்டுக்கொண்டு, கல்யாண வீட்டுக்கு வருவதுபோல நிமிர்ந்து நடந்து வந்தார். அவள் பின்னால் வந்தாள். வேப்ப மரத்தடியில் வயிற்றை அணைத்துக்கொண்டு அவள் இருந்து குடித்ததை நான் அகப்பையும் கையுமாக நின்று பார்த்தேன். இரண்டாந்தரமும் ஊற்றினேன். மூன்றாந்தரம் கேட்காமலே ஊற்றினேன். நாளாக ஆக அவள் முகத்தில் கொஞ்சம் சதை வைத்தது. ஒருநாள் என் கையைப் பிடித்து, "நேற்றுப் பிள்ளை உதைச்சுது அக்கா. கனநாளைக்குப் பிறகு," என்றாள். அன்றைக்கு முழுவதும் நான் யாரையும் ஏசவில்லை. மாமி என்னைப் பார்த்து உடம்புக்குச் சுகமில்லையோ என்று கேட்டார்.

பிறகு அவள் வரவில்லை. நடக்க ஏலாத மாதம், புருசன் வாங்கிப் போவார் என்று இருந்தேன். அந்தக் கூட்டத்தில் யார் யாருக்கு வாங்குகிறார்கள் என்று பார்க்க முடியாது. சனம் கூடியபிறகு நான் கிடாரத்தோடு நின்றேன், ஊற்றுவது வேறு இரண்டு பெண்கள்.

ஒரு காலை நானா மாடுகளுக்குக் குழை வெட்டப் போனவர், வெட்டாமலே திரும்பி வந்தார். கோயில் வேலிக்கு வெளியே நின்று என்னைக் கூப்பிட்டார். முகம் நல்லாயில்லை.

"கடைசிக் காணிப் பொடிச்சிக்குப் பிள்ளை பிறந்து கனநாளாம். தெரியுமோ?"

"தெரியாது நானா."

"வேலியால போகேக்க பிள்ளை அழுகிற சத்தம். அழுகை எண்டு சொல்லேலாது, முனகல். அந்த மனுசன் படலையில நிண்டு, கிட்ட வராதேங்கோ துடக்கு எண்டான். எனக்கென்ன துடக்கு எண்டு உள்ள போய்ப் பார்த்தன். தாய் பாயில கிடக்கிறா. பால் இல்லை. பானையில சுடுதண்ணி."

எங்கள் சனத்துக்கு இதை விளங்கப்படுத்தத் தேவையில்லை. ஆனாலும் சொல்கிறேன். ஒரு வீட்டில் பிறப்போ இறப்போ நடந்தால் அந்த வீட்டுக்காரருக்கு முப்பத்தொன்று கழியும் வரை துடக்கு. கோயில் வாசலை மிதிக்கக்கூடாது, கோயில் பண்டம் வாயில் படக்கூடாது. கொட்டிலில் ஊற்றிய பிச்சைக் கஞ்சியாக இருந்தால் துடக்குக்காரனும் வாங்கலாம், யாரும் கொண்டுபோயும் கொடுக்கலாம். நாங்கள் அதை அம்மன் கஞ்சியாக்கினோம். வீம்புக்காரருக்குக் கதவைத் திறந்தோம், பெற்றெடுத்தவளுக்கு அதே கதவைச் சாத்திவிட்டோம். நாங்கள் பெண்கள், பத்துப் பதினைந்து பேர் கூடியிருந்து செய்த யோசனை இது. பிள்ளைப்பேறு என்று ஒன்று இருப்பது ஒருத்திக்கும் ஞாபகம் வரவில்லை.

ஓடிப்போய் ஒரு சட்டியை எடுத்தேன். பூசாரியார் கிடாரத்துக்கு முன்னால் வந்து நின்றார்.

"ரீச்சர், அங்க போகேலாது. துடக்கு வீடு."

"சாகக் கிடக்கிறாள் ஐயா!"

"எனக்கும் பிள்ளையள் இருக்கு. ஆனால் நேர்த்தி பிழைச்சால் மழை பிழைக்கும். ஒரு வீட்டைப் பார்க்கப்போய் எல்லா வீட்டையும் சாகக் குடுக்கிறதோ?"

கஞ்சிக்கு இருந்த பெண்களும் எழுந்து வந்துவிட்டார்கள். பிள்ளை பிறந்தது அவர்களுக்குத் தெரிந்திருந்தது. யாரோ ஒருத்தி வேலியோரம் இரண்டு மரவள்ளிக் கிழங்கு வைத்துவிட்டு வந்திருக்கிறாள், அதற்குமேல் அவளிடமும் இல்லை. "ரீச்சர், தெற்கால இப்பதான் மேகம் கறுக்குது, குழப்பிப் போடாதேங்கோ," என்று கெஞ்சியவள் வேறு யாருமில்லை, வெறுந் தண்ணீர் காய்ச்சியவள்தான். அவள் கெட்டவள் இல்லை. கடைசிப் பிள்ளை இடுப்பில் இருந்தது.

எனக்கு வாய் திறந்துவிட்டது. நேர்த்தியுமில்லை ஒரு மண்ணாங்கட்டியுமில்லை, இது பிடியரிசி, நாங்கள் சொன்னது பொய் என்று கத்த நாக்கு நுனி வரை வந்துவிட்டது. மாமி என் மணிக்கட்டைப் பிடித்தார். அந்த மெலிந்த கைக்கு அவ்வளவு பலம் இருக்கும் என்று நான் நினைக்கவில்லை. காதுக்குள் சொன்னார்.

"சொல்லாதை பிள்ளை. சொன்னியெண்டால் நாளைக்கு ஒருத்தரும் வராயினம். இந்தப் பிள்ளையள் எல்லாம் திரும்பவும் சுடுதண்ணிதான் குடிக்கும்."

சொன்னது சரி. அதனால்தான் எனக்கு மாமியில் இன்றைக்கும் கோபம். சட்டியை வைத்துவிட்டு வெளியே நடந்தேன்.

நானா எல்லாவற்றையும் வேலிக்கு அப்பால் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். மூன்று கல் தேடிவைத்துக் கவிழ்த்துக் கிடந்த தன் கிடாரத்தை நிமிர்த்தினார். வேறு பாத்திரம் இல்லை. ஊர்க் கந்தூரிக்குச் சமைக்கிற கிடாரத்தின் அடியில், அன்று இறக்காமல் வண்டிலில் மிஞ்சியிருந்த அவருடைய அரிசியில் ஒரு சுண்டு போட்டோம். தாய்க்குப் பால் சுரக்கட்டும் என்று வண்டிலில் கிடந்த உள்ளிப்பூண்டை உரித்துப் போட்டேன். அந்தப் பெரிய செம்புக்குள் அந்தக் கஞ்சி தெரியவே இல்லை. கிடாரத்தோடு தூக்கி வண்டிலில் வைத்துக்கொண்டு போனோம்.

பாதி வழியில் நானா கேட்டார், "அந்த மனுசன் என்ன கஞ்சி எண்டு கேட்பான். என்ன சொல்லப்போறாய்?"

நான் அதை யோசிக்கவில்லை. அம்மன் கஞ்சி என்றால் துடக்கோடு தொடமாட்டார். இல்லை என்றால் பிச்சை, அதற்கும் தொடமாட்டார். எனக்கு அழுகை வந்தது, ஆத்திரத்தில் வந்த அழுகை. நானா மாட்டை நிறுத்திவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டு வாய்க்குள் ஏதோ சொன்னார். பிறகு கயிற்றைத் தட்டினார்.

"இது என்ர நேர்ச்சை. என்ர மகளுக்குச் சுகப் பிரசவம் கிடைக்கவேணுமெண்டு இப்ப நிய்யத்து வைச்சிட்டன். என்ர அரிசி, என்ர கிடாரம். இதில பொய் ஒண்டும் இல்லை," என்றார்.

அப்படியே கேட்டார் அந்த மனிதர். படலையில் நின்று, "கோயில் கஞ்சியோ?" என்றார். கண் உள்ளே போய்த் தாடி வளர்ந்திருந்தது. நானா தன் நேர்ச்சையைச் சொன்னார். புருசன் கிடாரத்தைப் பார்த்தார். அதில் எத்தனை கந்தூரிக்கு இறைச்சி வெந்திருக்கும் என்று அவருக்குத் தெரியும். கை எழும்பவில்லை.

உள்ளே இருந்து அவள் சுவரைப் பிடித்துப் பிடித்து வந்தாள். புருசனின் முகத்தைப் பார்க்கவில்லை.

"தாங்கோ நானா," என்றாள்.

புருசன் விலகிப்போய் வாய்க்கால் பக்கம் பார்த்துக்கொண்டு நின்றார். அவள் நிலத்தில் இருந்து குடித்தாள். நான் பிள்ளையைத் தூக்கினேன். ஆண் குழந்தை. துணியைத் தூக்குவதுபோலத்தான் இருந்தது. விரலை வாயில் வைத்தேன், சூப்பப் பார்த்தது, பிறகு களைத்து விட்டுவிட்டது.

அன்றிலிருந்து தினமும் நானாவின் கஞ்சி போனது. ஆட்டுப்பால் தேடிப் பிடித்துப் பஞ்சில் நனைத்து வாயில் விட்டேன். தாய் கொஞ்சம் நிமிர்ந்தாள். பால் ஒன்றிரண்டு துளி கண்டது. ஆனால் பிள்ளைக்கு இழுத்துக் குடிக்கிற பலம் போய்விட்டது. ஒரு காலை நாங்கள் போனபோது அவள் புருசன் காணி மூலையில் பாலை மரத்தடியில் ஒரு சிறு குழியை மண் போட்டு மூடிக்கொண்டிருந்தார். அவள் அழவில்லை. மார்பில் துணியை இறுக்கிக் கட்டியிருந்தாள், பால் அப்போதுதான் ஊறத் தொடங்கியிருந்தது.

ஐப்பசி கடைசியில் மழை வந்தது. சாதாரண மழை இல்லை, காட்டுப் பாதை ஆறாக ஓடியது, குளம் நிறைந்து வான் பாய்ந்தது. நேர்த்தி பலித்துவிட்டது என்று குடியேற்றமே கூத்தாடியது. கோயிலில் பொங்கல் வைத்தார்கள். பூசாரியார் மாமிக்கு மாலை போட்டார், பெண்கள் காலில் விழுந்தார்கள். மாமி என் பக்கம் ஒருமுறையும் பார்க்கவில்லை. நான் பொங்கலை வாங்காமல் சேற்றில் இறங்கிக் கடைசிக் காணிக்கு நடந்தேன்.

அவர் வயலில் நின்றார். அவள் படலையில் நின்றாள், துடக்குக் கழியவில்லை. என்னைக் கண்டதும், வருவேன் என்று காத்திருந்தவள் மாதிரிக் கேட்டாள்.

"அக்கா, உண்மையைச் சொல்லுங்கோ. நானா கொண்டந்தது அம்மன்ர கஞ்சியோ? நீங்களும் கூட வந்தபடியால் எனக்கு அப்பவே ஐமிச்சம். துடக்கோட நான் அதைக் குடிச்சபடியாலோ பிள்ளை போனது?"

"ஐயோ, இல்லையடி. அது நானாவின்ர அரிசி."

அவள் நம்பவில்லை. எத்தனை இரவு இதையே நினைத்துக்கொண்டு கிடந்தாளோ. அந்தப் பாரத்தை இறக்கிவிட வேண்டும் என்ற ஒரே நினைப்பில் எல்லாவற்றையும் சொன்னேன். அம்மனுக்கு யாரும் நேர்த்தி வைக்கவே இல்லை. அது வீடு வீடாகச் சேர்த்த பிடியரிசி. வீம்புக்காரரை வரச்செய்யச் சொன்ன கதை. அம்மனுக்கும் அந்தக் கஞ்சிக்கும் ஒரு தொடர்பும் இல்லை, உன்னில் ஒரு குற்றமும் இல்லை என்றேன்.

அவள் முகம் தெளியும் என்று பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் வயலில் நின்றவரைப் பார்த்தாள்.

"பிள்ளை பிறந்ததில இருந்து அவர் ஒவ்வொரு நாளும் சட்டியை எடுத்துக்கொண்டு கோயிலடிக்கு வந்தவர் அக்கா. பின்பக்கத்துப் பத்தைக்குள்ள மறைஞ்சு நிண்டு பார்த்திட்டு, வேலியைத் தாண்டாமல் திரும்பி வருவார். தாண்டினால் ஊருக்கு மழை வராதெண்டு."

சொல்லிவிட்டு மறுபடி வயல் பக்கம் திரும்பினாள்.

"அப்ப தாண்டி வந்திருக்கலாம், என்ன?" என்றாள்.

அவள் என் கையைப் பிடித்தாள்.

"இதை அவருக்குச் சொல்லிப்போடாதேங்கோ அக்கா. அவர் தாங்கமாட்டார்."

அப்போது அவர் எங்களைக் கண்டு வரம்பில் ஏறி வந்தார். முழங்கால் வரை சேறு. சால்வையை இடுப்பில் கட்டிக்கொண்டு என்னைக் கும்பிட்டார்.

"அம்மன் கைவிடேல்லை ரீச்சர். உங்கட நேர்த்தி பழுதாகாமல் நாங்களும் எங்களால ஏண்டதைச் செய்தனாங்கள்," என்றார்.

ஓம் என்றேன்.